பாங்கோ மண்டபத்தில் ஒரு சாட்சி

டென்மார்க்கில் சூதாட்டத்தைக் கண்காணிக்கும் அதிகாரி தன் வட்டாரத்தில் நடக்கும் பாங்கோவுக்குப் போவதில்லை. மனைவி போவார். அவரைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, இவர் வெளியே காருக்குள் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு முறை மனைவி காப்பித்தூள் பொட்டலம் ஒன்றை வென்று வந்தாராம். அந்தக் காப்பியை இவர் குடிக்கவில்லை.

குடித்தால் என்ன என்று கேட்டேன்.

"ஒன்றும் ஆகாது. ஆனால் நாளைக்கு அந்த மண்டபத்தைப் பற்றி ஒரு புகார் வந்தால், அவர்கள் காப்பியைக் குடித்தவனாக உட்கார்ந்து விசாரிக்க வேண்டும்" என்றார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு நவம்பர் மாதம். கோபன்ஹேகனில் அவருடைய அலுவலகத்துக்கு என்னை அனுப்பியது சென்னையில் நான் வேலை பார்த்த நாளிதழ். பரிசுச் சீட்டையும் பந்தயத்தையும் மற்ற நாடுகள் எப்படிக் கண்காணிக்கின்றன என்று ஒரு தொடர் வேண்டும் என்றார் ஆசிரியர். பெட்டிக்கடைதோறும் பரிசுச் சீட்டு தோரணமாகத் தொங்கும் ஊரிலிருந்து போனவன் நான். அதிகாரி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் திருப்பிக் கேட்டார்: "உங்கள் ஊரில் குலுக்கலை யார் பார்வையிடுகிறார்கள்?" நடத்துகிற அரசுதான் என்றேன். "புகார் வந்தால்?" அதையும் அரசுதான் பார்க்கும் என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே பார்க்கும்படி எதுவும் இல்லை.

அவர் நாட்டில் சூதாட்டக் கூடம் கிடையாது. கால்பந்து முடிவை ஊகித்து நிரப்பும் சீட்டும் அரசு லாட்டரியும் உண்டு. அதற்கு அடுத்தபடியாக ஊர்ச் சங்கங்கள் நடத்தும் பாங்கோ. நம் கிளப்புகளில் ஆடும் தம்போலாதான் அது. எண்கள் அச்சிட்ட அட்டை, கூப்பிடக் கூப்பிட எண்ணின் மேல் வில்லை வைத்து மூட வேண்டும். பொதுமக்களை அழைத்து நடத்த வேண்டுமானால் காவல் நிலையத்தில் அனுமதி வாங்க வேண்டும். பரிசைப் பணமாகத் தரக் கூடாது, பொருளாகத்தான் தர வேண்டும். "எங்கள் வேலை என்னவென்று புரிய வேண்டுமானால் ஒரு சிறிய ஊருக்குப் போய் அதைப் பாருங்கள். அங்கே இயந்திரம் இல்லை, மனிதர்கள் மட்டும்தான்" என்றார்.

மதியம் அருகிலிருந்த கடையில் கறுப்பு ரொட்டியின் மேல் ஊறவைத்த ஹெர்ரிங் மீனும் வெங்காயமும் வைத்துக் கொடுத்தார்கள். ரொட்டியைக் கத்தியும் முள்கரண்டியும் கொண்டு சாப்பிடுகிறார்கள். எனக்கு அது வரவில்லை. கையால் எடுத்தேன். பரிமாறிய பெண் கேட்காமலே இன்னொரு காகிதத் துடைப்பானைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். முகத்தில் சிரிப்பு இல்லை. சிரித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

சிறிய ஊர் எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. கோடம்பாக்கத்தில் என் வீட்டுக்கு எதிரே குடியிருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரண்டர்ஸ் நகரிலிருக்கும் தங்கள் உறவினருக்கு இரண்டு கிலோ மிளகாய்த்தூள் கொடுத்து அனுப்பியிருந்தது. விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அந்தப் பொட்டலத்தை முகர்ந்துவிட்டு அடுத்தடுத்துத் தும்மியதை இங்கே விவரிக்க விரும்பவில்லை.

ரண்டர்ஸ் போகும் ரயில் வழியில் கப்பலுக்குள் ஏறுகிறது. பெட்டிகளைப் பிரித்து, கப்பலின் வயிற்றில் வரிசை வரிசையாக நிறுத்துகிறார்கள். பயணிகள் இறங்கிப் படியேறி மேல்தளத்துக்குப் போய்ச் சாப்பிடுகிறார்கள். நானும் போனேன். கடலைப் பார்த்துக்கொண்டு காப்பி குடித்தேன். திரும்பி இறங்கியபோது எல்லாப் பெட்டிகளும் ஒரே சிவப்பாக இருந்தன. ஏறியது வேறு பெட்டி. அது மேற்குக் கரைக்குப் போகிற பெட்டி என்பதை எதிரே இருந்த மூதாட்டி என் பயணச்சீட்டைப் பார்த்துச் சொன்னார். என் துணிப்பெட்டியும் மிளகாய்த்தூளும் நான் இல்லாமலே ரண்டர்ஸ் போய்க்கொண்டிருந்தன. அவர் எனக்கு ஆறுதலாகக் கறுப்பு மிட்டாய் ஒன்று கொடுத்தார். உப்புக் கரித்தது. துப்ப இடமில்லாமல் விழுங்கினேன்.

வழியில் இறங்கி அடுத்த ரயில் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, ரண்டர்ஸ் நிலையத்தில் என் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு அந்தோனிப்பிள்ளை நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். யாழ்ப்பாணத்துக் குருநகர்க்காரர். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. "பெட்டி நேரத்துக்கு வந்திட்டுது அண்ணை. வாசத்தை வைச்சே பிடிச்சிட்டன். நீங்கள்தான் சுணங்கிப் போனீங்கள்" என்றார்.

வீட்டில் அவர் மனைவி மேரியும், அவர்கள் தங்கவைத்திருந்த எமெல்டா என்ற பெண்ணும் இருந்தார்கள். எமெல்டா மன்னாரைச் சேர்ந்தவர், இருபத்து நான்கு வயது, ஏழு மாதக் கர்ப்பிணி. கணவர் இன்னும் மேற்கு பெர்லினில் விசாவுக்குக் காத்திருந்தார். சோறு, பருப்பு, மீன் குழம்பு. இரண்டு கைகளாலும் சாப்பிடாத குறை. டென்மார்க் வந்த பிறகு நான் உண்ட முதல் சாப்பாடு அது. அதற்கு முன் சாப்பிட்டதெல்லாம் உணவு.

நான் வந்த காரணத்தைச் சொன்னதும் அந்தோனிக்கு உற்சாகம் வந்துவிட்டது. மறுநாள் சனிக்கிழமை, கைப்பந்துச் சங்கம் நடத்தும் பாங்கோ. அவர்கள் தவறாமல் போவார்களாம். டேனிஷ் எண்களை அவர் மொழிப்பள்ளியில் கற்கவில்லை, பாங்கோவில்தான் கற்றார். "இவங்கள் ஒண்டை முதலில சொல்லிப் பத்தைப் பிறகு சொல்லுவாங்கள். அதுவும் ஐம்பதை நேரே சொல்லமாட்டாங்கள், இருபது இருபதாய்ப் பெருக்கித்தான் சொல்லுவாங்கள். கணக்குப் பாடம் எடுத்தவைக்குத்தான் சூது" என்றார். இந்த வாரம் பெரிய பரிசு ஒரு குழந்தை வண்டி என்றார் மேரி. கடைக்காரர் ஒருவர் நன்கொடையாகக் கொடுத்தது. பெரிய சக்கரம் வைத்த, உள்ளே மெத்தை போட்ட வண்டி. இந்த ஊரில் குழந்தையை அதற்குள் போர்த்தி, குளிரில் வாசலில் தூங்கவைப்பார்கள். கடைத்தெருவில் அப்படி ஒரு வண்டியைக் கண்டால் எமெல்டா நின்று நின்று பார்ப்பாள் என்றும் மேரிதான் என்னிடம் சொன்னார்.

மண்டபம் பள்ளிக்கூடத்துடையது. நீண்ட மேசைகள், தாள் விரிப்பு, மேசைக்கு மேசை காப்பிக் கூஜா. நூறு பேருக்குக் குறையாமல் இருந்தார்கள், பெரும்பாலும் வயதானவர்கள். நடத்தியவர் கிர்ஸ்டன், ஓய்வுபெற்ற நூலகர். எண் கூப்பிடுவதும் அவர், வென்ற அட்டையைச் சரிபார்ப்பதும் அவர். என்னை மேடையோரத்தில் தன் மேசைக்கு அருகில் உட்காரவைத்தார். ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: நாம் நேர்மையாக ஆடுகிறோமா என்று பார்க்க இந்தியாவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், இன்றைக்கு இவர்தான் நமக்கு அரசாங்கம் என்று சொன்னாராம். நானும் சிரித்துத் தலையை ஆட்டினேன்.

அங்கே ஒரு வழக்கம் எனக்குப் பிடித்திருந்தது. வென்றவருக்கு மட்டும் பரிசு இல்லை. அவருக்கு இடமும் வலமும் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஒரு சிறு பரிசு உண்டு. பக்கத்தில் இருந்ததற்காக. நம் ஊரில் வென்றவனுக்குப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கிடைப்பது வயிற்றெரிச்சல் மட்டுமே. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

தமிழர்களின் மேசை எனக்கு நேர் எதிரே இருந்தது. ஒரு பக்கம் சுவரை ஒட்டி எமெல்டா, அவருக்கு அடுத்து மேரி. எதிர்ப்பக்கம் அந்தோனி. அவர் அருகே பெடர்சன் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர், எழுபது தாண்டியவர். தனியாக வந்திருந்தார். அந்தோனிக்கு எண் புரியாதபோது அவருடைய அட்டையில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

குழந்தை வண்டிக்கான ஆட்டத்தில் அட்டை முழுவதும் மூட வேண்டும். பக்கத்திலிருப்பவர்களுக்கு ஆளுக்கொரு உறையவைத்த வாத்து. மண்டபத்தில் ஒருவரும் தலை நிமிரவில்லை. கிர்ஸ்டன் எண்ணைக் கூப்பிட்டார். அந்தோனி தன் அட்டையின் கடைசிக் கட்டத்தை மூடினார். வாய் திறக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அட்டையின் இரு ஓரத்தையும் இரு கையால் பிடித்து, நிறைந்த சாம்பார்க் கிண்ணத்தை நகர்த்துகிறவரைப் போல, வில்லைகள் கலையாமல் மேசையின் குறுக்கே எமெல்டாவுக்கு முன்னால் தள்ளினார். எமெல்டாவின் அட்டையை மேரி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எமெல்டா நிமிர்ந்து பார்த்தார். "சொல்லு பிள்ளை" என்றது அந்தோனியின் உதட்டசைவிலிருந்தே எனக்குப் புரிந்தது.

"பாங்கோ" என்றார் எமெல்டா. குரல் மெலிதாக வந்தது.

கிர்ஸ்டன் இறங்கிப் போய் எண்களை வாசித்தார். எல்லாம் சரி. கைதட்டல். மேரிக்கு ஒரு வாத்து. எமெல்டாவின் மறுபக்கம் சுவர் என்பதால் இன்னொரு வாத்து மேடையிலேயே இருந்தது. அப்போது பெடர்சன் கையைத் தூக்கினார். எழுந்து நின்று டேனிஷில் அமைதியாக ஏதோ சொன்னார். கைதட்டல் நின்றது. சொன்னது மொழி தெரியாமலே எனக்குத் தெரிந்தது.

கிர்ஸ்டன் அந்தோனியைக் கேட்டார். அந்தோனி காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேரி, இல்லை என்று தலையசைத்தார். பிறகு கிர்ஸ்டன் மேடைப் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், ஒலிபெருக்கியிலேயே என்னைக் கேட்டார்: "நீங்கள் அந்த மேசையைப் பார்த்து உட்கார்ந்திருந்தீர்கள். அட்டை கை மாறியதா?"

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. அந்தோனி மட்டும் பார்க்கவில்லை. நேற்று இரவு அவர் வீட்டுச் சோற்றை உண்டிருந்தேன். என் மொழி பேசுகிறவர்கள் அந்த ஒரு மேசையில்தான் இருந்தார்கள். ஆம் என்று நான் சொன்னால் அகதிகள் களவாடினார்கள் என்று ஊர் சொல்லும். இதெல்லாம் அந்தக் கணத்தில் என் மனதில் ஓடியதாக எழுத ஆசைதான். உண்மையில் எதுவும் ஓடவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"நான் எழுதிக்கொண்டிருந்தேன். எதையும் பார்க்கவில்லை" என்றேன்.

கிர்ஸ்டன் அதை டேனிஷில் மொழிபெயர்த்தார். பின் மேசையில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர் பெடர்சனைப் பார்த்து ஏதோ சொன்னார். அவர் காது சிவந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வண்டி வாங்கிப் போவது இவருக்குப் பொறுக்கவில்லையாக்கும் என்று சொன்னதாகப் பிறகு அறிந்தேன். பெடர்சன் தன் வில்லைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினார். கோட்டை மாட்டி, பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு, நாற்காலியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். அடுத்த ஆட்டத்துக்கு எண் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து மேரி வாத்துக் கறி வைத்தார். நான் கொண்டுபோன மிளகாய்த்தூள்தான். மிக நன்றாக இருந்தது. இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன். குழந்தை வண்டி, கைப்பிடியில் கட்டிய சிவப்பு நாடாவோடு, நடையில் நின்றது. குளியலறைக்குப் போக வேண்டுமானால் அதைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

எமெல்டா கறியைத் தொடவில்லை. வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்ன, ஒத்துக்கொள்ளேல்லையோ?" என்றார் மேரி.

"அந்த மனுசன் பொய் சொல்லேல்லை அக்கா" என்றார் எமெல்டா.

அந்தோனி கையை நிறுத்தினார். தன் அட்டையைத் தான் கொடுத்ததில் என்ன பிழை என்று கேட்டார். காசு கொடுத்து வாங்கியது அவர். வென்றது அவர். தன் சாமானைத் தங்கச்சிக்குக் கொடுக்க யாரிடம் கேட்க வேண்டும்? ஊரில் ஒரு கோயில் சீட்டு விழுந்தாலும் இல்லாதவளுக்குத்தான் கொடுப்போம் என்றார். அதில் கோபத்தைவிட உண்மையான குழப்பமே அதிகம் இருந்தது.

"குடுத்தது பிழை எண்டு நான் சொல்லேல்லை அண்ணை. ஒளிச்சுக் குடுத்ததுதான்" என்றார் எமெல்டா. "எழும்பி நிண்டு, இது நான் வெண்டது, இவளுக்குக் குடுக்கிறன் எண்டு சொல்லியிருந்தால் அந்த மனுசனும் கைதட்டியிருக்கும். இப்ப அவரைப் பொய்யன் ஆக்கிப் போட்டம். நானும்தான். கூப்பிட்டது என்ர வாய்தானே."

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். குற்றம் சாட்டும் குரலே இல்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதுபோல் கேட்டார்.

"ஐயா, நீங்கள் பாத்தனீங்கள்தானே?"

"பார்த்தேன்" என்றேன். வாயில் இருந்த கறியை மென்று முடிக்க எனக்கு நேரம் ஆயிற்று.

மதியத்துக்குப் பிறகு கிர்ஸ்டன் வீட்டுக்குப் போனோம். வண்டியை எமெல்டாவே தள்ளிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு கிழவர் தொப்பியைத் தூக்கிவிட்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். காலியாக இருந்ததைக் கண்டு எங்களையும் ஒரு முறை பார்த்தார்.

எமெல்டா தன் ஆறு மாத டேனிஷில் எல்லாவற்றையும் சொன்னார். கிர்ஸ்டன் குறுக்கிடாமல் கேட்டார். வண்டி அந்தோனியுடையது, அவர் யாருக்கும் கொடுக்கலாம் என்றார். வாத்து ஒன்று பெடர்சனுக்கு வர வேண்டியது, மேரியிடம் இருப்பது திரும்பி வந்தாக வேண்டும் என்றார். அந்தோனி என்னைப் பார்த்தார். சாப்பிட்டுவிட்டோம் என்று சொல்லும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். கிர்ஸ்டன் சிரித்துவிட்டார். சிரிப்பு முடிந்ததும் என்னிடம் ஆங்கிலத்தில் பேசினார்.

"இவர்களை நான் கேட்டது தவறு. அவர்கள் ஆடுகிறவர்கள். ஆடுகிறவர்கள் தங்கள் பக்கம்தான் பேசுவார்கள், நானும் அப்படித்தான். அதனால்தான் உங்களைக் கேட்டேன். அங்கே அட்டை வாங்காமல் உட்கார்ந்திருந்தது நீங்கள் ஒருவர்தான்."

மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "என்னிடம் ஏன்?" என்று கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பெடர்சன் வீடு இரண்டு தெரு தள்ளி. கதவைத் திறந்தவர் எல்லோரையும் உள்ளே விட்டார். எமெல்டாவுக்கு நல்ல நாற்காலியைக் காட்டினார். காப்பி போட்டார். அவர் பேசியதைக் கிர்ஸ்டன் எனக்கு மொழிபெயர்த்தார். வாத்து வேண்டாம், ஒரு ஆளுக்கு அது அதிகம் என்றார். எமெல்டா இரண்டாம் முறையும் எல்லாவற்றையும் சொல்ல, அவர் தலையசைத்துக்கொண்டே கேட்டார். எழுந்து வந்து எமெல்டாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தோனியின் கையையும்.

என் முறை வந்தபோது நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொன்னேன், மன்னியுங்கள்.

அவர் யோசித்துவிட்டு ஒன்று கேட்டார். அப்போது நான் என்ன எழுதிக்கொண்டிருந்தேன் என்று.

எதையும் எழுதவில்லை என்றேன்.

அவருக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. தனக்கு வேண்டியது ஒன்றுதான் என்றார். வீட்டில் வந்து சொன்னது தனக்குத் தெரிந்த விஷயம்தான். தெரியாதவர்கள் மண்டபத்தில் இருக்கிறார்கள். நாற்பது ஆண்டுகள் அவர்களுக்குத் தபால் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். நான் சொன்னது ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டது. திருத்துவதும் அடுத்த சனிக்கிழமை அதே ஒலிபெருக்கியில்தான் வர வேண்டும்.

தவறு வந்த பக்கத்திலேயே திருத்தமும் வர வேண்டும் என்று இளம் நிருபர்களுக்கு நான் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர் கேட்டது அதைத்தான். நான், என் விமானம் செவ்வாய்க்கிழமை என்றேன். அது உண்மை. மாற்ற முடியாத பயணச்சீட்டு அல்ல என்பதும் உண்மை. அதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கிர்ஸ்டன் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

எமெல்டா, தான் சொல்வதாகச் சொன்னார்.

திரும்பும்போது தூறல் விழுந்தது. நாலரைக்கே இருட்டிவிட்டிருந்தது. முன்னால் எமெல்டா வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். பக்கத்தில் அந்தோனி. சனிக்கிழமை சொல்ல வேண்டியதை எமெல்டா டேனிஷில் சொல்லிப் பார்த்தார், இடறிய இடத்தில் அந்தோனி திருத்தினார், அவரும் இடறினார். பிறகு எமெல்டா அதைத் தமிழில் சொல்லிச் சரிபார்த்தார். பெடர்சன் சொன்னது உண்மை. அட்டை மாறினது. பாத்த ஒருத்தர் பாக்கேல்லை எண்டு சொன்னவர்.

"பேரைச் சொல்லவேணுமோ?" என்று கேட்டார் அந்தோனி.

"வேண்டாம் அண்ணை" என்றார் எமெல்டா. "பாவம், விருந்தாளி."

அவர்கள் பேசுவது கேட்கிற தூரத்தில்தான் நான் வந்துகொண்டிருந்தேன்.